பளிங்கின் மின்னேற்றமும் நீரின் உறைவும்: ஒரு வரலாற்று நோக்கு

நீர் பூச்சியப் பாகை செல்சியசில் உறையும் என்பது பாடசாலை மாணவர் யாவரும் மனனஞ் செய்த உண்மை. மனனஞ் செய்த உண்மைகள் பலவற்றைப் போலவே இதுவும் பாதி உண்மையே. பனிக்கட்டி பூச்சியப் பாகையில் உருகத் தவறுவதில்லை. நீரோ அந்த வெப்பநிலையில் உறைந்தே தீரவேண்டும் என்ற நியதிக்குக் கட்டுப்பட்டதன்று. தூசும் அழுக்கும் அற்ற சிறு நீர்த்துளியானது −40 பாகைக்கு அண்மை வரையிலும் திரவமாகவே நிற்கவல்லது. இவ்வாறு உறைநிலையைக் கடந்த பின்னரும் உறையாதிருக்கும் நீரை மீக்குளிர்ந்த நீர் என்பர்.

அவ்வாறாயின் நீரை உறையச் செய்வது யாது? குளிர் மட்டுமே போதாதெனின் வேறெது வேண்டும்? இவ்வினாவுக்கு விடை தேடியோர் தூசு என்றனர், அசைவு என்றனர், பளிங்கின் அமைப்பு என்றனர். இவற்றோடு மின்னும் ஒரு காரணமாகலாம் என்ற ஐயம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுந்துவிட்டது. அந்த ஐயத்திற்கு நம்பத்தகுந்த விடையொன்று கிடைத்ததோ 2010ஆம் ஆண்டிலேயே. இடைப்பட்ட ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலத் தாமதத்திற்கு அறிஞரின் அறிவுக் குறைவோ கருவிகளின் போதாமையோ முழுக் காரணமன்று. மின்னேற்றத்தை அதனைத் தாங்கி நிற்கும் பொருளிலிருந்து பிரித்து நோக்கும் வழி அவர்களுக்குப் புலப்படாமையே தலையாய காரணமாகும். அவ்வழியைத் திறந்து வைத்த பளிங்கின் இனமோ, முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஐரோப்பாவிற் பலருக்கும் விளையாட்டுப் பொருளாயிருந்தது. அவ்வினத்தின் குணத்தை ஐரோப்பியர் முதன்முதலிற் கண்டு வியந்தது இலங்கையிலிருந்து சென்ற கல்லொன்றிலேயாம்.

உறைய மறுத்த நீர்

வெப்பமானிக்குத் தம் பெயரை வழங்கிய டேனியல் கபிரியேல் பரனைற் 1721ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு சோதனை செய்தார். கண்ணாடிக் குமிழொன்றில் மழைநீரை இட்டு, காற்றை அகற்றி, வாயை மூடி, கடுங் குளிரில் இரவு முழுவதும் வைத்தார். அவருடைய அளவையில் வெப்பநிலை 15 பாகையாக இருந்தது. இன்றைய கணக்கில் இது பூச்சியத்துக்குக் கீழ் ஒன்பது பாகைக்குச் சற்று அதிகம். மறுநாட் காலையில் நீர் உறைந்திருக்கவில்லை. காற்றின்மையே இதற்குக் காரணமெனக் கருதிய அவர் குமிழின் நுனியை உடைத்தார். உடனே நீரினூடே பனி ஊசிகள் பரவின. பின்னர் ஒருமுறை குமிழைக் கையில் ஏந்திப் படியேறுகையில் அவர் கால் இடறிற்று, நீர் குலுங்கியது, அக்கணமே அதனுள்ளே பனி தோன்றிற்று. இடறிய காலும் ஓர் ஆய்வுக் கருவியாயிற்று எனலாம். இச்சோதனைகளின் விவரம் 1724இல் இலண்டன் வேத்தியற் கழகத்தின் ஏட்டில் வெளிவந்தது.

பரனைற்றின் அவதானிப்பு ஒன்றைத் தெளிவாக்கியது. உறைதல் என்பது குளிரின் தானியங்கு விளைவன்று. அதற்கொரு தொடக்கம் வேண்டும். நீரின் மூலக்கூறுகள் திரவ நிலையில் ஓயாது இடம்மாறித் திரிகின்றன. அவற்றுட் சில பனிக்கட்டிக்குரிய ஒழுங்கில் தற்செயலாக அடுக்குண்டாலும் அவ்வடுக்கு மிகச் சிறியதாயின் மறுகணமே குலைந்துவிடும். ஒரு குறித்த பருமனைத் தாண்டிய அடுக்கே நிலைத்து வளரும். இதுவே உறைகரு. தூசியோ பாத்திரத்தின் சுவரோ வேறொரு பளிங்கோ இக்கருவுக்கு இடங்கொடுப்பின் நீர் எளிதில் உறையும். கொடாதாயின் உறைவு தள்ளிப்போகும். எனவே நீர் எப்போது உறையும் என்ற வினா, நீர் எதனைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்ற வினாவாக மாறியது.

இலங்கையிலிருந்து சென்ற கல்

பரனைற்றின் சோதனைக்குச் சில ஆண்டுகள் முன்னர், நீருடன் எவ்விதத் தொடர்புமற்ற செய்தியொன்று ஜேர்மன் மொழியில் அச்சேறியது. 1707இல் வெளியான அந்நூல், ஒல்லாந்தர் 1703இல் இலங்கையிலிருந்து கொணர்ந்த இரத்தினக்கல் ஒன்றைப் பற்றிக் கூறுகிறது. அக்கல்லைத் தணலருகே வைத்துச் சூடாக்கினால் அது சாம்பலைத் தன்பால் இழுக்கும். பின்னர் அதனையே உதறித் தள்ளும். இக்காரணத்தால் ஒல்லாந்தர் அதற்குச் 'சாம்பல் இழுப்பான்' எனப் பொருள்படும் பெயரை வழங்கினர். அறிஞருலகில் அது தூர்மலின் எனப் பெயர் பெற்றது. இரத்தினக் கற்களைக் குறிக்கச் சிங்களத்தில் வழங்கிய 'தோரமல்லி' என்ற சொல்லின் திரிபே தூர்மலின் என்பது மொழிநூலார் முடிபு.

1717இல் பரிசு விஞ்ஞானக் கழகத்தில் லெமறி என்பவர் இலங்கையின் ஆறொன்றிற் கிடைத்த இக்கல்லை எடுத்துக் காட்டி, அதனை ஒருவகைச் சிறு காந்தம் என விவரித்தார். சுவீடன் நாட்டுத் தாவரவியலறிஞர் லின்னேயஸ் 1747இல் வெளியிட்ட இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலில் இதனை 'மின்கல்' எனப் பொருள்பட இலத்தீனிற் குறித்தார். இரும்பை இழுப்பது காந்தமாயின், சாம்பலை இழுப்பது மின்னே என்று அவர் கொண்டமை கூரிய அனுமானமாகும். 1756இல் பேர்லினில் பணியாற்றிய ஈப்பினஸ் அதனைச் சோதனையால் நிறுவினார். சூடேறிய தூர்மலினின் ஒரு முனையில் நேர் மின்னேற்றமும் மறுமுனையில் மறை மின்னேற்றமும் தோன்றுவதை அவர் கண்டார். 1759இல் ஆங்கிலேயரான ஜோன் கன்ரன் மேலுமோர் உண்மையைச் சேர்த்தார். மின்னேற்றத்தைத் தருவது சூடன்று, வெப்பநிலையின் மாற்றமே; சூடாகும்போது நேரேற்றம் பெறும் முனை, குளிரும்போது மறையேற்றம் பெறும். வெப்பநிலை மாறாது நிற்பின் மின்னுந் தோன்றாது.

கன்ரனின் இக்கண்டுபிடிப்பை வாசகர் நினைவிற் கொள்ளல் வேண்டும். பளிங்கின் ஒரே முகம், தன் அமைப்பிலும் பொருளிலும் எவ்வித மாற்றமுமின்றி, ஒருபோது நேராகவும் ஒருபோது மறையாகவும் ஏற்றம் பெறக்கூடும் என்பதே அதன் சாரம். இருநூற்றைம்பது ஆண்டுகளின் பின்னர் உறைதல் பற்றிய வினாவைத் தீர்க்க உதவியது இக்குணமே. ஆயினும் அக்காலத்தில் இதனை நீருடன் பொருத்திப் பார்த்தாரில்லை. 1824இல் டேவிட் புரூஸ்ரர் இந்நிகழ்வுக்கு 'வெப்பமின்' எனப் பொருள்படும் பெயரை இட்டார். 1878இல் பின்னாளைக் கெல்வின் பிரபுவான வில்லியம் தொம்சன், இத்தகைய பளிங்கின் உள்ளே நிரந்தரமான மின்முனைவு உண்டென்றும், அது மேற்பரப்பிற் படிந்த எதிரேற்றத்தால் மறைக்கப்பட்டிருக்கும் என்றும், வெப்பநிலை மாறுகையில் சமநிலை குலைந்து வெளிப்படும் என்றும் விளக்கினார். 1880இல் கியூரி சகோதரர் இவ்வினப் பளிங்குகளை அழுத்தினாலும் மின் தோன்றும் எனக் காட்டினர்.

இவ்விடத்தில் ஒன்றைச் சுட்டாதிருத்தல் நியாயமாகாது. இக்கல்லின் வரலாற்றில் ஒல்லாந்த வணிகரும் பிரெஞ்சு, ஜேர்மன், ஆங்கில அறிஞரும் பெயரோடு இடம்பெறுகின்றனர். ஆற்று மணலையும் இரத்தினப் படிவுகளையும் தோண்டி அதனை எடுத்தோரின் பெயர் எதுவும் எஞ்சவில்லை. அவர்களிடமிருந்து எஞ்சியது ஒரு சொல் மட்டுமே. அச்சொல்லும் வந்த இடம் மறந்து உலக மொழிகளிற் கலந்துவிட்டது. விஞ்ஞான வரலாறும் வணிக வரலாற்றினின்று விலகி நிற்பதன்று என்பதற்கு இது சான்று.

ஆலங்கட்டியும் மின்னும்

நீரின் உறைவோடு மின்னைத் தொடர்புபடுத்தும் எண்ணம் கல்லிலிருந்து பிறக்கவில்லை, வானத்திலிருந்து பிறந்தது. இடியும் மின்னலும் முழங்கும் முகிலிலிருந்தே ஆலங்கட்டியும் விழுவதை மனிதர் காலங்காலமாகக் கண்டு வந்தனர். மின்கலத்தைக் கண்டுபிடித்த வோல்ற்றா பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எதிரெதிர் ஏற்றங்கொண்ட முகிற் படைகளுக்கிடையே பனித்துணிக்கைகள் மேலுங் கீழும் துள்ளியே ஆலங்கட்டியாகப் பருக்கின்றன என்றொரு கொள்கையை முன்வைத்தார். 1820களில் பிரான்சு, சுவிற்சர்லாந்து, இத்தாலி ஆகிய நாடுகளின் திராட்சைத் தோட்டங்களில் ஆலங்கட்டியைத் தடுக்கவென நெடுங் கம்பங்கள் நாட்டப்பட்டன. முகிலின் மின்னை நிலத்துக்கு இறக்கிவிட்டால் ஆலங்கட்டி உருவாகாது என்பது அவற்றை நாட்டியோரின் நம்பிக்கை. கம்பங்கள் நின்ற தோட்டங்களிலும் ஆலங்கட்டி விழுந்தது. நம்பிக்கை தளர்ந்தது. எனினும் ஒரு பருவத்து உழைப்பை அரைமணி நேரத்தில் இழக்கும் குடியானவருக்கு, நீர் ஏன் உறைகிறது என்பது ஏட்டறிவு சார்ந்த வினாவாக மாத்திரம் இருக்கவில்லை.

இப்பின்னணியிலேயே சுவிற்சர்லாந்தின் லோசான் நகரைச் சேர்ந்த பௌதிகவியலாளர் லூயி டூபூர் தம் ஆய்வை மேற்கொண்டார். 1861இல் வெளியான அவருடைய கட்டுரை நீரின் உறைவையும் ஆலங்கட்டியின் தோற்றத்தையும் ஒருங்கே ஆராய்வது. நீரின் அடர்த்திக்கு ஒத்த எண்ணெய்க் கலவையொன்றில் நீர்த்துளிகளை மிதக்கவிட்டு, பாத்திரச் சுவரின் தொடுகையின்றி அவற்றைக் குளிர்வித்தார். துளிகள் பூச்சியத்துக்குப் பல பாகை கீழும் உறையாது நின்றன. இத்தகைய நீரில் மின்னைப் பாய்ச்சினால் உறைவு தூண்டப்படக்கூடும் என அக்காலத்தில் அவர் அறிவித்தமையே மின்னுறைவு ஆய்வின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது.

முகிலில் விதைத்தல்

இருபதாம் நூற்றாண்டில் இவ்வினா புதிய முக்கியத்துவம் பெற்றது. 1933இல் நோர்வீஜிய வானிலை ஆய்வு மரபில் வளர்ந்த பேர்ஜெரோன், குளிர் வலய நாடுகளின் மழையிற் பெரும்பகுதி மீக்குளிர்ந்த முகில்களில் தோன்றும் பனித்துணிக்கைகளிலிருந்தே தொடங்குகிறது என்ற விளக்கத்தை வலியுறுத்தினார். ஆயின் பனித்துணிக்கையைத் தோற்றுவிப்பவர் மழையையும் தோற்றுவிக்கலாமன்றோ? 1946இல் அமெரிக்காவின் செனெக்ரடி நகரில் வின்சன்ற் சேபர் உறைந்த காபனீரொட்சைட்டைக் கொண்டு அதனைச் செய்து காட்டினார். அதே ஆண்டின் நவம்பரில் அவருடைய சகாவான பேர்ணாட் வொனகற் வெள்ளி அயடைட்டின் நுண்துகள்கள் மீக்குளிர்ந்த முகிலைப் பனியாக்குவதைக் கண்டார்.

வொனகற் வெள்ளி அயடைட்டைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கவில்லை. பளிங்கியல் அட்டவணைகளைப் புரட்டி, பனிக்கட்டியின் அணு ஒழுங்குக்கு மிக நெருங்கிய பொருளைத் தேடினார். பனிக்கட்டியின் அறுகோண அமைப்பில் ஓர் அலகின் நீளம் 4.52 அங்ஸ்ரோம், வெள்ளி அயடைட்டில் அது 4.59. இருவருக்கு ஏறத்தாழ ஒரே அளவான சட்டை பொருந்துவது போல, வெள்ளி அயடைட்டின் மேல் பனிக்கட்டி பொருந்திக்கொள்ளும் என்பது அவர் தருக்கம். சோதனை வெற்றி பெற்றது. அதனுடன் ஒரு கொள்கையும் வெற்றி பெற்றது: உறைவைத் தூண்டுவது பளிங்கின் வடிவப் பொருத்தமே என்பது.

வெற்றி பெற்ற கொள்கை பிற வினாக்களை மறைத்துவிடுவதுண்டு. வெள்ளி அயடைட்டுப் பளிங்கின் ஒரு முகத்தில் வெள்ளி அயன்களும் எதிர் முகத்தில் அயடைட்டு அயன்களும் அமைகின்றன. அதாவது, அதுவும் தூர்மலினைப் போல உள்ளே மின்முனைவு கொண்ட பளிங்கே. வடிவப் பொருத்தத்தாற் கிடைத்த வெற்றியில் மின்முனைவுக்கும் பங்குண்டோ என்ற வினா பல்லாண்டுகளாக உரிய கவனம் பெறவில்லை.

ஒன்றையொன்று மறுத்த சோதனைகள்

மின்னுறைவு ஆய்வோ தனிப்பாதையிற் சென்றது. 1951இல் ஜேர்மன் ஆய்வாளரான ரௌ, மின்புலத்தில் வைக்கப்பட்ட நீர் உயர்ந்த வெப்பநிலையிலேயே உறைவதாக அறிவித்தார். 1961இல் சோல்ற் என்பவர் மின்புலத்தின் விளைவை நீரில் மட்டுமன்றி, குளிர்காலத்தை மீக்குளிர்ந்த உடலோடு கழிக்கும் பூச்சிகளிலும் ஆராய்ந்தார். 1963இல் புரூப்பாக்கர் இச்சோதனைகளுக்கு வேறொரு விளக்கம் தந்தார். மின்புலம் துளியின் வடிவத்தை மாற்றுகிறது. வடிவம் மாறும் துளி தான் அமர்ந்துள்ள மேற்பரப்பில் நகர்கிறது. நீரும் காற்றும் திண்மமும் சந்திக்கும் விளிம்பின் அந்நகர்வே உறைவைத் தூண்டுகிறது என்பது அவர் கருத்து. பரனைற் இடறிய படிக்கட்டு இங்கே மறுபடியும் நினைவுக்கு வருகிறது. 1975இல் டூலிற்றிலும் வாலியும் மேற்கொண்ட சோதனைகளில் மின்புலத்தின் விளைவு எதுவும் புலப்படவில்லை.

மறுபுறத்தில், 1994இல் சுவிஷேவும் குசலிக்கும் கணினியில் நீர் மூலக்கூறுகளின் இயக்கத்தை உருவகித்து, மிக வலிய மின்புலத்தில் நீர் பளிங்காவதைக் காட்டினர். ஆனால் அத்துணை வலிய புலத்தைச் சாதாரண ஆய்வுகூடத்தில் ஒரு துளி நீர் முழுவதிலும் நிலைநிறுத்தல் இயலாது.

இம்முரண்பாட்டின் வேர் யாது? மின்னை நீரிற் செலுத்த வேண்டுமாயின் உலோக மின்வாய்கள் தேவை. உலோகமே உறைகருவுக்கு இடங்கொடுக்கலாம். மின்னோட்டம் பாய்ந்தால் வாயுக் குமிழிகள் தோன்றலாம், உலோகம் கரையலாம், துளி அசையலாம், வெப்பம் பிறக்கலாம். இவற்றுள் எது நீரை உறையச் செய்தது? நேரேற்றம் பெற்ற செம்பையும் ஏற்றமற்ற கண்ணாடியையும் ஒப்பிடுபவர் இரு வேறு மின்னேற்றங்களை ஒப்பிடுவதாக எண்ணிக்கொண்டு இரு வேறு பொருள்களையே ஒப்பிடுகின்றார். வரலாற்று மாணவருக்கு இச்சிக்கல் புதியதன்று. ஓர் அரசின் வீழ்ச்சிக்குப் பஞ்சம் காரணமா, போர் காரணமா, வாரிசுரிமைப் பூசல் காரணமா என ஆராயுமிடத்து, மூன்றும் ஒரே காலத்தில் நிகழ்ந்திருப்பின் ஒன்றினை மற்றொன்றிலிருந்து பிரித்தெடுப்பது எளிதன்று. வரலாற்றாசிரியரால் ஓர் அரசை மீண்டும் நிறுவி, போரை மட்டும் நீக்கிப் பார்க்க முடியாது. பௌதிகவியலாளரால் அது முடியும்; அதற்கேற்ற பொருள் கிடைத்தால்.

ஒரே முகம், இரு குணம்

அப்பொருளைத் தேடும் பாதை இஸ்ரேலின் ரெகோவோத் நகரிலுள்ள வைஸ்மன் விஞ்ஞான நிறுவகத்தில் தொடங்கியது. 1990இல் மெயர் லகாவ், லெசுலி லைசரோவிச் ஆகியோரும் சகாக்களும் நீர்த்துளியின் மீது நீண்ட அற்ககோல் மூலக்கூறுகளை ஒற்றைப் படையாகப் பரப்பி, சில அற்ககோல்கள் நீரை −1 பாகைக்கு அண்மையிலேயே உறையச் செய்வதைக் காட்டினர். இது வடிவப் பொருத்தக் கொள்கைக்கு அரணாயிற்று. 1992இல் இதே குழுவினர் அமினோ அமிலப் பளிங்குகளை ஆராய்ந்தபோது வேறொன்று புலனாயிற்று. ஒரே அமினோ அமிலம் மின்முனைவுள்ள பளிங்காகவும் அஃதற்ற பளிங்காகவும் அமையக்கூடும். அவற்றின் மேற்பரப்புகள் ஒன்றையொன்று ஒத்தன. எனினும் முனைவுள்ள பளிங்குகள் மற்றவற்றிலும் 4 முதல் 5 பாகை உயர்ந்த வெப்பநிலையில் நீரை உறையச் செய்தன. வடிவம் ஒன்றாயிருக்க விளைவு வேறுபட்டமையால், மின் மீண்டும் வழக்காடுமன்றிற்கு அழைக்கப்பட்டது.

தீர்க்கமான சோதனை 2010ஆம் ஆண்டு பெப்ருவரியில் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளிவந்தது. டேவிட் எரே, எத்தி லாவெற், மெயர் லகாவ், இகோர் லுபொமிர்ஸ்கி ஆகிய நால்வரும் இலிதியம் தந்தலேற்று என்னும் பளிங்கைப் பயன்படுத்தினர். இது தொழிற்சாலையில் வளர்க்கப்படும் பளிங்கு. ஆற்று மணலிற் கிடைப்பதன்று. எனினும் சமச்சீர் அடிப்படையில் இதுவும் தூர்மலினும் ஒரே பளிங்கு வகுப்பைச் சேர்ந்தவை. இலங்கைக் கல்லிற் கண்ட குணமே இதிலுமுண்டு: வெப்பநிலை மாறும்போது இதன் எதிரெதிர் முகங்கள் எதிரெதிர் ஏற்றம் பெறும்.

நீரை உறையச் செய்வதற்குக் குளிர்வித்தே ஆகவேண்டும். குளிர்விக்கும்போதே பளிங்கின் முகங்கள் தாமாக ஏற்றம் பெறுகின்றன. மின்வாயுமில்லை, கம்பியுமில்லை, நீரினூடு பாயும் மின்னோட்டமுமில்லை. தோன்றும் ஏற்றத்தை வெளியேற்றிவிட்டால் ஏற்றமற்ற முகத்தையும் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். முடிவுகள் வருமாறு அமைந்தன. ஏற்றமற்ற முகத்தில் நீர்த்துளிகள் சராசரியாக −12.5 பாகையில் உறைந்தன. நேரேற்றம் பெற்ற முகத்தில் −7 பாகையிலேயே உறைந்தன. மறையேற்றம் பெற்ற முகத்தில் −18 பாகை வரை உறையாது தாக்குப்பிடித்தன. நேரேற்றம் உறைவை விரைவுபடுத்தியது, மறையேற்றம் தாமதப்படுத்தியது.

இவற்றிலும் வியப்பூட்டுவது அடுத்த சோதனை. குளிர்கையில் மறையேற்றம் பெறும் முகத்தில் ஒரு துளி நீர் −11 பாகையிலும் திரவமாக இருந்தது. பளிங்கைச் சற்றே சூடாக்கி −8 பாகைக்குக் கொணர்ந்தனர். நீர் உடனே உறைந்துவிட்டது. சூடாக்கியதால் நீர் உறைந்தது என்பது முதலிற் கேட்போருக்கு விடுகதை போலத் தோன்றும். கன்ரன் 1759இற் கூறியதை நினைவிற் கொண்டோர்க்கு விடை தெளிவு. குளிர்கையில் மறையேற்றம் பெற்ற முகம் சூடாகையில் நேரேற்றம் பெறுகிறது. முகம் அதுவே, துளி அதுவே, அணு ஒழுங்கும் அதுவே. மாறியது மின்னேற்றத்தின் குறி மட்டுமே. நூற்றைம்பது ஆண்டுகளாக ஒன்றோடொன்று பிணைந்து கிடந்த காரணங்கள் இங்கே பிரிக்கப்பட்டன.

எக்ஸ் கதிர் ஆய்வு மேலுமொரு வேறுபாட்டைக் காட்டியது. நேரேற்ற முகத்தில் உறைவு, நீரும் பளிங்கும் சந்திக்கும் அடிப்பகுதியிற் தொடங்கி மேலே பரவியது. மறையேற்ற முகத்திலோ நீரும் காற்றும் சந்திக்கும் மேற்பகுதியிலேயே தொடங்கியது. நீர் மூலக்கூறின் ஒட்சிசன் பக்கம் சற்றே மறையேற்றமும் ஐதரசன் பக்கம் சற்றே நேரேற்றமும் கொண்டது. ஆதலின் நேரேற்ற முகத்தருகே ஒட்சிசனும் மறையேற்ற முகத்தருகே ஐதரசனும் நெருங்கி நிற்கும். ஒன்று உறைகருவுக்குத் துணையாகவும் மற்றது இடையூறாகவும் அமைவதாக எண்ணுதற்கு இது இடந்தந்தது.

தீர்ப்பின் மீது மேன்முறையீடு

நேரேற்றம் உறைவிக்கும், மறையேற்றம் தடுக்கும் என்று ஒரு சூத்திரம் வகுத்து இவ்வரலாற்றை முடித்துவிடலாம். ஆனால் அச்சூத்திரத்தைத் திருத்தியவர்கள் அதனை வகுத்தவர்களேயாவர். லகாவ், லுபொமிர்ஸ்கி குழுவினரின் பிந்திய ஆய்வுகள், மின்னேற்றம் நீர் மூலக்கூறுகளை நேரடியாகத் திருப்பி அடுக்குவதைவிட, நீரிற் கரைந்துள்ள அயன்களைத் தன்பால் ஈர்ப்பதன் மூலமே பெரிதும் தொழிற்படுகிறது என்ற முடிவுக்கு இட்டுச்சென்றன.

காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு நீரிற் கரையும்போது இருகாபனேற்று அயன்கள் தோன்றுகின்றன. இவை மறையேற்றம் உடையவை. எனவே நேரேற்ற முகத்தில் வந்து குவிகின்றன. இவ்வயனின் வடிவம் ஒரு மையத்தைச் சுற்றி மூன்று கைகள் ஒரே தளத்தில் விரிந்தது போன்றது. இவ்வடிவம் நீர் மூலக்கூறுகளோடு கைகோத்துப் பனிக்கட்டியின் அறுகோண ஒழுங்குக்கு அண்மையான கூட்டங்களை அமைக்க வல்லது. 2020இல் வெளியான ஆய்வில் இவ்விளக்கம் கடுமையான சோதனைக்கு உட்படுத்தப்பட்டது. வடிவமே காரணமாயின், அதே வடிவங்கொண்ட வேறு அயன்களும் அவ்வாறே செய்தல் வேண்டும். நைத்திரேற்று அயன் நேரேற்ற முகத்தில் அவ்வாறே செய்தது. குவானிடீனியம் என்னும் அயன் அதே வடிவினது, ஆனால் நேரேற்றமுடையது. அது மறையேற்ற முகத்தில் உறைவு வெப்பநிலையை உயர்த்தியது. வேறு வடிவினவான குளோரைட்டும் சல்பேற்றும் முகம் ஏற்றம் பெற்றபோது அதனைத் தாழ்த்தின. ஆகவே மறையேற்ற முகமும், தக்க அயன் கிடைப்பின், நீரை உறையச் செய்யும். வொனகற் நம்பிய வடிவப் பொருத்தமும் டூபூர் ஐயுற்ற மின்னும் பகைவரல்லர். மின் அயனை அழைத்து வருகிறது, வடிவம் பனியை அடுக்குகிறது.

வெள்ளி அயடைட்டின் கதையும் இவ்வொளியில் மீளாய்வு பெற்றது. கடந்த தசாப்தத்தின் நடுப்பகுதியில் வெளிவந்த கணினி உருவகிப்புகள், அதன் வெள்ளி முகமே பனியைத் தோற்றுவிப்பதாகவும் அயடைட்டு முகம் அவ்வாறு செய்யாததாகவும் காட்டின. 2018இல் வெளியான சோதனை ஆய்வு, அதன் வெப்பமின் குணமும் உறைவுக்குப் பங்களிப்பதை எடுத்துக்காட்டியது.

எனினும் மின்னேற்றமே எல்லாவற்றையும் விளக்கிவிடும் எனக் கருதல் தவறு. பாலைநிலத் தூசியில் உள்ள பொற்றாசியக் களிக்கல் வளிமண்டலத்தில் வலிய உறைகருவாக விளங்குவதை 2013இல் வெளிவந்த ஆய்வு நிறுவியது. 2016இல் வெளியான மற்றோராய்வு, அக்களிக்கல்லின் மேற்பரப்பிலுள்ள வெடிப்புகளிலும் படிகளிலும் வெளிப்படும் குறித்தவொரு முகத்திலேயே பனி தோன்றுவதைக் காட்டிற்று. அங்கு சிறப்பிடம் பெறுவது மேற்பரப்பின் குறைபாடுகளும் அணு ஒழுங்குமேயாகும்.

முடிவுரை

இவ்வரலாற்றை நோக்குமிடத்து ஒரு செய்தி தெளிவாகிறது. வெப்பநிலை மாறினால் ஒரே முகத்தின் மின்னேற்றம் குறி மாறும் என்பது 1759இலேயே அறியப்பட்டது. மீக்குளிர்ந்த நீர் பற்றிய அறிவு அதற்கும் முற்பட்டது. மின் நீரை உறையச் செய்யுமோ என்ற வினா 1860களில் எழுந்தது. வினாவும் அதற்குரிய கருவியும் ஒரே கண்டத்தில், ஒரே அறிஞர் கழகங்களின் ஏடுகளில், அருகருகே இருந்தன. கல்லை ஆராய்ந்தோர் முகிலை நோக்கவில்லை. முகிலை ஆராய்ந்தோர் கல்லை நோக்கவில்லை. இரண்டும் ஒரு மேசையில் வைக்கப்பட இருபத்தோராம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. புதிய உண்மைகள் சேரும் வேகத்தை மட்டும் வைத்து அறிவின் வளர்ச்சியை அளத்தல் பொருந்தாது. பழைய உண்மைகள் ஒன்றையொன்று சந்திக்கும் வாய்ப்பும் அவ்வளர்ச்சியை நிர்ணயிக்கிறது.

துறைகளை வேலியிட்டுப் பயிலும் பல்கலைக்கழகங்களுக்கு இது பொருந்தும் பாடமாகும். தணலருகே சாம்பலை இழுத்த இலங்கைக் கல்லை ஒல்லாந்தர் வேடிக்கைப் பொருளாகக் கண்டனர்; வணிகர் விலைப்பொருளாகக் கண்டனர்; அறிஞர் மின்னின் சான்றாகக் கண்டனர். அக்கல்லின் இனத்தைச் சேர்ந்த வேறொரு பளிங்கின் மீது நீர்த்துளியொன்றை வைத்துப் பார்க்க வேண்டும் என ஒருவர் எண்ணுவதற்கு முந்நூறு ஆண்டுகள் சென்றன. வைத்துப் பார்த்தபோது, சூடாக்கியதும் நீர் உறைந்தது.